இயேசுவின் காலத்தை ஆராய்பவர் சார்பில்லாமல் இருக்க முடியுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிறிஸ்தவத்தின் தொடக்கம் பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும் இரண்டு குரல்கள் உடனே வந்துவிடும். "அவர் விசுவாசி, அப்படித்தான் எழுதுவார்" என்று ஒன்று. "அவர் நாத்திகர், அவருக்கு இதில் என்ன தெரியும்" என்று இன்னொன்று. நான் சபைக்குள் வளர்ந்தவன், வரலாறு படித்தவன். இரண்டு பக்கத்து நண்பர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். பெயர்களைப் பெரும்பாலும் பழைய தமிழ் வேதாகமத்தில் உள்ளபடியே தருகிறேன்.

புறநிலை, அகநிலை என்று எதைச் சொல்கிறீர்கள்?

ஆராயப்படும் பொருளே முடிவைத் தீர்மானித்தால் அது புறநிலை. ஆராய்பவரின் வளர்ப்பு, விருப்பு வெறுப்பு, அவர் வாழும் காலம் ஆகியவை தீர்மானித்தால் அகநிலை. "பொந்தியு பிலாத்துவின் ஆட்சியில் இயேசு சிலுவையில் அறையப்பட்டார்" என்ற வாக்கியத்தைக் கிறிஸ்தவர், யூதர், கடவுள் நம்பிக்கை இல்லாதவர் என எல்லா வகை ஆய்வாளர்களும் ஏற்கிறார்கள். "இயேசு ஒரு சமூகப் புரட்சியாளர்" என்ற வாக்கியத்தில் சொல்பவரும் கணிசமாகக் கலந்திருப்பார். சிக்கல் என்னவென்றால், நாம் படிக்கும் பெரும்பாலான வாக்கியங்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கின்றன.

முன்முடிவே இல்லாமல் இயேசுவை ஆராய்ந்தவர் யாராவது உண்டா?

இல்லை. அந்தத் துறையே தன்னைப் பற்றி இதை ஒப்புக்கொண்டிருக்கிறது.

1906-இல் ஜெர்மன் இறையியலாளர் ஆல்பர்ட் ஷ்வைட்சர் அதுவரை வெளிவந்த இயேசு வரலாறுகளை வரிசையாக எடுத்து அலசினார். அப்போது அவருக்கு வயது 31. ஹம்பர்க் நகரத்து ரைமாருஸ் எழுதி ஒளித்து வைத்திருந்த கையெழுத்துப் படியில் இருந்து (அவர் இறந்த பிறகு 1774 முதல் எழுத்தாளர் லெஸ்ஸிங் அதைப் பகுதி பகுதியாக வெளியிட்டார்) தன் காலம் வரை வந்து சேர்ந்தார். ஒவ்வொரு காலமும் தன் சொந்த எண்ணங்களையே இயேசுவிடம் கண்டிருக்கிறது, ஒவ்வொரு ஆசிரியரும் தன் குணத்துக்கு ஏற்ற ஓர் இயேசுவைப் படைத்திருக்கிறார் என்பது அவர் கண்ட முடிவு.

எடுத்துக்காட்டுகளுக்குப் பஞ்சமில்லை. பிரெஞ்சு அறிஞர் ரெனான் 1863-இல் எழுதிய இயேசு, கலிலேயாவின் பூக்களுக்கு நடுவே நடக்கும் மென்மையான கனவு மனிதர். அந்தக் காலத்துப் பாரீஸ் வாசகருக்குப் பிடித்த நாயகன் அவர். பெர்லினில் 1899-1900 குளிர்காலத்தில் இறையியலாளர் ஹார்னாக் நிகழ்த்திய சொற்பொழிவுகளில் வந்த இயேசு, கடவுள் தந்தை என்பதையும் மனித ஆத்துமாவின் அளவற்ற மதிப்பையும் போதித்தவர். உலக முடிவு, பேய் ஓட்டுதல் எல்லாம் உமியாக ஒதுக்கப்பட்டன. படித்த ஜெர்மன் புராட்டஸ்டண்ட் குடும்பம் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் சங்கடமில்லாமல் உட்கார வைக்கக்கூடிய இயேசு அவர்.

ஹார்னாக்கைப் பற்றி ஜார்ஜ் டிரெல் சொன்னது புகழ்பெற்றது. பத்தொன்பது நூற்றாண்டுகளைத் தாண்டி ஆழமான கிணற்றுக்குள் எட்டிப் பார்த்த ஹார்னாக், அடியில் தெரிந்த தன் முகத்தையே கிறிஸ்து என்று நினைத்துக்கொண்டார் என்பது அதன் சாரம். 1909-இல் வெளிவந்த இந்த உவமையை ஷ்வைட்சர் சொன்னதாகப் பலர் எழுதுகிறார்கள், அது தவறு. டிரெல் ரோமன் கத்தோலிக்கக் குரு. தன் திருச்சபையின் தலைமையோடு மோதி, இயேசு சபை (ஜேசுயிட்) என்ற துறவற சபையிலிருந்து வெளியேற்றப்பட்டவர். புராட்டஸ்டண்ட் ஒருவரின் முகத்தைக் கிணற்றில் கண்டுபிடிக்கும் கூர்மை அவருக்கு இருந்ததற்கு, அவர் வேறொரு கரையில் நின்றதும் ஒரு காரணம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே மறுபடியும் வரும்.

அப்படியானால் எல்லாமே அவரவர் கருத்துதானா?

இதை ஒப்புக்கொள்ள நான் தயாரில்லை. காரணம், ஒரு சின்னப் பாப்பிரஸ் (பழங்கால எகிப்திய நாணல் தாள்) துண்டு.

ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழகத்தின் எஃப். சி. பவுர் 19-ஆம் நூற்றாண்டின் மிகப் பெரிய மூளைகளில் ஒருவர். பேதுருவின் யூதக் கட்சி ஒன்று, பவுலின் புறஜாதிக் கட்சி ஒன்று, இரண்டும் மோதிக் கடைசியில் சமரசமானது என்று தொடக்ககாலத் திருச்சபை முழுவதையும் அவர் விளக்கினார். அந்தச் சமரசத்தின் கடைசிக் கட்டத்தில் யோவான் சுவிசேஷத்தை வைத்ததால், அது கி.பி. 170 வாக்கில் எழுதப்பட்டது என்று கணித்தார். திட்டம் அழகாக இருந்தது. எகிப்தில் 1920-இல் விலைக்கு வாங்கப்பட்டு, மான்செஸ்டர் ரைலண்ட்ஸ் நூலகத்துக்கு வந்த துண்டுகளில் ஒன்றை 1935-இல் காலின் ராபர்ட்ஸ் வெளியிட்டார். ஏறக்குறைய 9 சென்டிமீட்டருக்கு 6 சென்டிமீட்டர். யோவான் 18-ஆம் அதிகாரத்தின் சில வரிகள், பிலாத்து இயேசுவை விசாரிக்கும் இடம். எழுத்தின் வடிவத்தைக் கொண்டு அதை இரண்டாம் நூற்றாண்டின் முற்பாதி என்று மதிப்பிட்டார்கள். யோவானின் நூல் அதற்குள் எகிப்துவரை வந்து படியெடுக்கப்பட்டிருந்தால் 170 என்ற கணக்கு நிற்காது.

இங்கேயே நிறுத்தினால் நான் நேர்மையாக இருக்கமாட்டேன். நம் பக்கத்துப் பிரசங்கங்களில் அந்தத் துண்டுக்குக் "கி.பி. 125" என்று அடித்துச் சொல்கிறார்கள். கையெழுத்தின் சாயலை வைத்து அவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடியாது. ஆய்வாளர் பிரென்ட் நாங்ப்ரி 2005-இல் எழுதிய கட்டுரையில், இரண்டாம் நூற்றாண்டின் இறுதியையும் மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தையும்கூட விலக்க முடியாது என்று காட்டினார். பவுரின் தேதியை இன்று ஆய்வாளர்கள் யாரும் எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் அதைக் கைவிட இந்தத் துண்டு ஒன்று மட்டும் போதாது. வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும் பழக்கம் இரண்டு தரப்புக்கும் உண்டு. இரண்டு தரப்பையும் இழுத்துப் பிடிக்கும் பொருளும் வெளியே இருக்கிறது.

சார்பு எவ்வளவு தூரம் கெடுக்கும்?

இதைப் பேசும்போது எனக்கு மனசு கனக்கிறது. ஆனாலும் பேசியாக வேண்டும்.

1939 மே மாதம் ஜெர்மனியின் ஐஸனாக் நகரில் ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. ஜெர்மன் திருச்சபை வாழ்விலிருந்து யூதச் செல்வாக்கை ஆராய்ந்து நீக்குவது அதன் வேலை என்று பெயரிலேயே எழுதியிருந்தார்கள். ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்தவர் யேனா பல்கலைக்கழகப் பேராசிரியர் வால்டர் குருண்ட்மான். இயேசு யூதரே அல்ல என்று 1940-இல் அவர் ஒரு புத்தகம் எழுதினார். ஏசாயாவிலும் மத்தேயுவிலும் வரும் "புறஜாதியாருடைய கலிலேயா" என்ற சொற்றொடரைப் பிடித்துக்கொண்டு, கலிலேயர் வேறு இனம் என்று வாதித்தார். யூத அடையாளங்களைக் களைந்த ஒரு புதிய ஏற்பாட்டையும் அந்த நிறுவனம் அச்சிட்டது.

அவர்கள் படிக்காதவர்கள் இல்லை. கிரேக்கம், எபிரெயம், அடிக்குறிப்பு எல்லாம் சரியாக இருந்தன. தாங்கள் விஞ்ஞான முறைப்படி ஆராய்கிறோம் என்றே சொன்னார்கள். போர் முடிந்து நிறுவனம் மூடப்பட்ட பிறகும் குருண்ட்மான் கிழக்கு ஜெர்மனியில் மாற்கு, லூக்கா, மத்தேயு சுவிசேஷங்களுக்கு விரிவுரைகள் எழுதினார். பல மாணவர்கள் அவற்றைப் பாடமாகவும் படித்தார்கள்.

அவர் வாதம் வெறுப்பில் பிறந்தது என்பது உண்மை, ஆனால் ஆய்வுக்கு அந்த மறுப்பு போதாது. அந்த வாதம் பொய் என்பதை மண்ணே காட்டியது. கலிலேயாவில் முதல் நூற்றாண்டுக் குடியிருப்புகளைத் தோண்டியபோது யூதத் தூய்மைச் சட்டத்துக்கு ஏற்ற கல் பாத்திரங்கள் கிடைத்தன, சடங்குக் குளியலுக்கான படி வைத்த தொட்டிகள் கிடைத்தன, பன்றி எலும்பு ஏறக்குறைய இல்லவே இல்லை.

அந்தத் தவறுகளைத் திருத்தியவர்கள் நடுநிலையாளர்களா?

சார்பே இல்லாத ஒருவர் வந்து தீர்ப்புச் சொல்லி இந்தத் துறை திருந்தியதாக எனக்குத் தெரியவில்லை. வேறு சார்பு உள்ளவர்கள் உள்ளே வந்தபோதுதான் திருந்தியது.

கேசா வெர்மெஷின் வாழ்க்கையைப் பாருங்கள். 1924-இல் ஹங்கேரியில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே குடும்பம் கத்தோலிக்கரானது. ஆனாலும் 1944-இல் பெற்றோர் யூத இன அழிப்பில் பலியானார்கள். அவர் குருவானார், சாக்கடல் சுருள்களை ஆராய்ந்தார், 1957-இல் குருத்துவத்தை விட்டார், பிறகு யூத அடையாளத்துக்குத் திரும்பினார். 1973-இல் வெளிவந்த அவருடைய புத்தகத்தின் தலைப்பே "யூதராகிய இயேசு". மழைக்காக வட்டம் வரைந்து வேண்டிய ஹோனி, ஜெபத்தால் நோய் தீர்த்த ஹனினா பென் டோசா ஆகிய கலிலேயச் சாயலுள்ள பரிசுத்தவான்களோடு இயேசுவை ஒப்பிட்டார். பலர் பார்த்தும் பார்க்காமல் விட்டதை அவர் பார்த்ததற்கு அவருடைய வாழ்க்கையும் ஒரு காரணம். அதற்காக அவர் சொன்னதெல்லாம் அப்படியே நிலைத்துவிடவில்லை. ஹோனி, ஹனினா பற்றிய கதைகள் பெரும்பாலும் இயேசுவுக்கு நூற்றாண்டுகள் பிந்தித் தொகுக்கப்பட்ட ரபிகளின் நூல்களில் வருகின்றன, அவற்றைக் கொண்டு முதல் நூற்றாண்டைக் கட்டலாமா என்று மற்றவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி.

இன்னொருவர் ஈ. பி. சாண்டர்ஸ். அமெரிக்கப் புராட்டஸ்டண்ட். 1977-இல் பவுலைப் பற்றிய பெரிய நூல் ஒன்றை வெளியிட்டார். "யூத மதம் நற்செயல்களை அடுக்கிக் கடவுளிடம் கூலி கேட்கும் மதம்" என்று பல தலைமுறை ஜெர்மன் அறிஞர்கள் எழுதி வந்ததை, யூத நூல்களையே வரிவரியாகப் படித்து மறுத்தார். கடவுளின் கிருபை முதலில், உடன்படிக்கை அதன்மேல், நியாயப்பிரமாணத்தைக் கைக்கொள்வது அதற்குள் தங்கியிருப்பதற்கு: அந்த நூல்களில் இருந்த ஒழுங்கு இதுதான். 16-ஆம் நூற்றாண்டில் லூத்தருக்கும் ரோமாபுரிக்கும் நடந்த சண்டையைக் கொண்டுபோய் முதல் நூற்றாண்டு எருசலேமில் வைத்துவிட்டார்கள் என்பது அப்போது வெளிச்சமானது.

இது நமக்கும் வலிக்க வேண்டிய இடம். தமிழ்ப் பிரசங்கங்களில் "பரிசேயன்" என்றால் மாய்மாலக்காரன் என்று அகராதிப் பொருள் போலவே ஆகிவிட்டது. மக்களிடம் செல்வாக்கோடு இருந்தவர்கள் பரிசேயர் என்று முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேபு (ஜோசிஃபஸ்) எழுதியிருக்கிறார். பவுல் தன்னைப் பரிசேயன் என்று வெட்கமில்லாமல் சொல்லிக்கொண்டார்.

பெண் ஆய்வாளர்கள் வந்ததால் ஏதாவது மாறியதா, அல்லது அவர்களும் தங்கள் சார்பைக் கொண்டுவந்தார்களா?

இரண்டும் நடந்தது. யூனியாவை எடுத்துக்கொள்வோம். ரோமர் 16:7-இல் அன்றோனீக்கு, யூனியா என்ற இருவரை வாழ்த்தும் பவுல், அவர்கள் அப்போஸ்தலருக்குள் பெயர்பெற்றவர்கள் என்கிறார். பழைய கிரேக்கப் பிரதிகளில் அழுத்தக் குறிகள் கிடையாது. குறியை ஓரெழுத்தின்மேல் போட்டால் யூனியா என்ற பெண், வேறோர் எழுத்தின்மேல் போட்டால் யூனியாஸ் என்ற ஆண். நான்காம் நூற்றாண்டுத் திருச்சபைப் போதகர் கிரிசோஸ்தோம் அவரைப் பெண் என்றே கொண்டு வியந்து பாராட்டினார். ஆனால் உலகம் முழுவதும் மாணவர்கள் பயன்படுத்தும் நெஸ்லே கிரேக்கப் பதிப்பு 1927 முதல் ஆண்பெயராக அச்சிட்டது. 1998-இல்தான் அது பெண்பெயருக்குத் திரும்பியது.

யூனியாஸ் என்ற ஆண்பெயர் பண்டைய உலகில் வேறெங்கும் கிடைக்கவில்லை. யூனியா என்ற பெண்பெயர் ரோமில் மட்டும் 250 தடவைக்குமேல் கிடைக்கிறது. பெண் எப்படி அப்போஸ்தலர் ஆகமுடியும் என்ற ஒரே நினைப்புதான் குறியை நகர்த்தியது. பெண்ணிய ஆய்வாளர்கள் தங்கள் கேள்வியோடு வந்ததால் பிழை கண்ணில் பட்டது. அதை நிரூபித்தவை கல்வெட்டுகளும் பழைய உரைகளும். தமிழ் வேதாகமத்தில் "யூனியா" என்றே இருக்கிறது என்பது எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம். "அப்போஸ்தலருக்குள்ளா, அப்போஸ்தலரிடத்தில் பெயர்பெற்றவரா" என்ற இலக்கண விவாதம் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

சொந்த விருப்பை விலக்கத்தானே ஆய்வாளர்கள் அளவுகோல்கள் வைத்திருக்கிறார்கள்?

வைத்திருக்கிறார்கள், பயனும் உண்டு. மிகவும் புகழ்பெற்றது சங்கட அளவுகோல்: எழுதியவர்களுக்கே தர்மசங்கடமான செய்தியை அவர்கள் கற்பனை செய்திருக்கமாட்டார்கள். யோவான் ஸ்நானனிடம் இயேசு ஞானஸ்நானம் பெற்றது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பாவமன்னிப்புக்கான ஞானஸ்நானத்தைப் பாவமில்லாதவர் ஏன் பெறவேண்டும்? மாற்கு நேரடியாகச் சொல்லிவிடுகிறார். மத்தேயுவில் யோவான் தடுக்கிறார், இயேசு சமாதானம் சொல்கிறார். லூக்கா முதலில் யோவானைக் காவலில் அடைத்ததைச் சொல்லிவிட்டு, யார் கொடுத்தார் என்று சொல்லாமலே இயேசு ஞானஸ்நானம் பெற்றதைச் சொல்கிறார். நான்காம் சுவிசேஷத்தில் ஞானஸ்நானக் காட்சியே இல்லை. ஆவி இறங்கியதை யோவான் சாட்சியாகச் சொல்வதோடு சரி. நான்கையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் அந்தச் சங்கடம் வளர்வதைக் கண்ணால் பார்க்கலாம்.

ஆனால் அளவுகோலுக்குள்ளும் ஆள் ஒளிந்திருப்பார். 1953-இல் ஜெர்மன் புதிய ஏற்பாட்டு அறிஞர் எர்ன்ஸ்ட் கேஸமான் ஓர் உரை நிகழ்த்தினார். யூத மதத்திலிருந்தும் வந்திருக்க முடியாத, பிற்காலத் திருச்சபையிலிருந்தும் வந்திருக்க முடியாத வாக்கைத்தான் இயேசுவின் வாக்கு என்று உறுதியாக ஏற்கலாம் என்ற அளவுகோலை அவர் அதில் முன்வைத்தார். கேட்க மிகக் கறாராக இருக்கிறது. ஆனால் யூதத்தன்மை உள்ள எதையும் முதல் சல்லடையிலேயே தள்ளிவிட்டால், கடைசியில் கிடைக்கும் இயேசு எப்படி இருப்பார்? யூதச் சாயல் இல்லாதவராகத்தான் இருப்பார். கேஸமான் நாஜிகளை எதிர்த்துச் சிறை சென்றவர், வெறுப்பு அவரிடம் துளியும் இல்லை. இருந்தும் அளவுகோல் அந்தப் பக்கமே சாய்ந்தது. இந்த ஒரு விஷயத்தை யோசித்து யோசித்து, நல்ல எண்ணம் மட்டும் சார்பிலிருந்து காப்பாற்றாது என்று நான் கற்றுக்கொண்டேன்.

கிறிஸ்தவர் அல்லாதவர்கள் எழுதிய பழைய சான்றுகள் நடுநிலையானவை அல்லவா?

ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் கி.பி. 116 வாக்கில் எழுதும்போது, கிறிஸ்து திபேரியுவின் காலத்தில் பிலாத்துவால் கொல்லப்பட்டதைச் சொல்கிறார். கிறிஸ்தவர்களைக் கடுமையாக வெறுத்தவர் அவர், அது எழுத்திலேயே தெரிகிறது. பிலாத்துவின் பதவியை "புரோகுரேட்டர்" என்று எழுதினார். 1961-இல் செசரியாவில் கிடைத்த கல்லில் "பிரிஃபெக்ட்" என்று இருக்கிறது. தன் காலத்துப் பதவிப் பெயரை டாசிட்டஸ் பின்னோக்கிப் போட்டுவிட்டார்.

யூத வரலாற்றாசிரியர் யோசேபு 93-94 வாக்கில் முடித்த நூலில் இயேசுவைப் பற்றி ஒரு பத்தி வருகிறது. அதில் "இவரே கிறிஸ்து" என்ற வரியும் இருக்கிறது. யோசேபு இயேசுவைக் கிறிஸ்துவாக ஏற்கவில்லை என்று மூன்றாம் நூற்றாண்டின் கிறிஸ்தவ அறிஞர் ஓரிகன் சொல்லியிருக்கும்போது இந்த வரி எப்படி வந்தது? படியெடுத்த கிறிஸ்தவர் யாரோ சேர்த்திருக்கிறார். பெரும்பாலான ஆய்வாளர்கள் அடிப்படையில் ஒரு சிறு குறிப்பு இருந்தது, அதன்மேல் பக்தியுள்ள கை பட்டது என்கிறார்கள். முழுப் பத்தியும் இடைச்செருகல் என்பவர்களும் உண்டு. அதே நூலில் வேறோர் இடத்தில், "கிறிஸ்து எனப்பட்ட இயேசுவின் சகோதரன்" யாக்கோபு கி.பி. 62-இல் கொல்லப்பட்ட செய்தி வருகிறது. அதற்கு இந்தச் சிக்கல் மிகக் குறைவு.

இயேசு என்று ஒருவர் வாழ்ந்தாரா என்பதே சந்தேகம் என்கிறார்களே?

கடவுள் நம்பிக்கை இல்லாத ஆய்வாளர்களில்கூட மிகச் சிலரே அப்படிச் சொல்கிறார்கள். அமெரிக்கப் புதிய ஏற்பாட்டு ஆய்வாளர் பார்ட் எர்மன் தன்னை விசுவாசி என்று சொல்லிக்கொள்வதில்லை, ஆனால் இயேசு வாழ்ந்தார் என்று வாதிட்டு 2012-இல் ஒரு புத்தகமே எழுதினார். எனக்குப் பெரிய சான்று கலாத்தியர் முதல் அதிகாரம். பவுல் எருசலேமுக்குப் போய்ப் பேதுருவோடு பதினைந்து நாள் தங்குகிறார், கர்த்தருடைய சகோதரனாகிய யாக்கோபையும் காண்கிறார். பவுலின் காலமும் காற்றில் தொங்கவில்லை. அவர் கொரிந்துவில் இருந்தபோது அங்கே அதிபதி கல்லியோன் என்கிறது அப்போஸ்தலர் நடபடிகள். டெல்ஃபியில் கிடைத்த கல்வெட்டு அந்தக் கல்லியோனை 51-52-இல் வைக்கிறது. இல்லாத ஒருவருடைய தம்பியைப் பார்த்துப் பேசிவிட்டு வரமுடியாது.

விசுவாசி ஆராய்ந்தால் நம்பலாமா? நாத்திகர்தான் சரியான ஆளா?

யார் என்று கேட்பதைவிட, தனக்குப் பிடிக்காத முடிவைச் சான்று சொல்லும்போது அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள்.

விசுவாசிக்கு நான் வைக்கும் சோதனை லூக்கா இரண்டாம் அதிகாரம். இயேசு பிறந்தபோது சீரியாவில் சிரேனியு தேசாதிபதி, அப்போது குடிமதிப்பு எழுதப்பட்டது என்கிறார் லூக்கா. மத்தேயுவில் ஏரோது ராஜா உயிரோடு இருக்கிறார். ஏரோது கி.மு. 4-இல் இறந்தார், சிரேனியு யூதேயாவில் குடிமதிப்பு எடுத்தது கி.பி. 6. ஏறக்குறைய பத்து வருஷ இடைவெளி. இதை முதன்முதலில் படித்த இரவு நான் தூங்கவில்லை. சிரேனியு முன்னாலும் ஒரு தடவை ஆண்டாரா, கிரேக்கச் சொல்லுக்கு "அதற்கு முந்தைய" என்று பொருள் கொள்ளலாமா என்றெல்லாம் தேடினேன். அப்படியெல்லாம் விளக்கம் எழுதியவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொன்றையும் படித்த பிறகு, வேறு எந்தப் பழைய நூலாக இருந்தாலும் "இங்கே ஆசிரியர் தவறிவிட்டார்" என்று யோசிக்காமல் சொல்லியிருப்பேன் என்பது எனக்கு உறைத்தது. இப்போது அப்படியே சொல்கிறேன். என் ஜெபம் நிற்கவில்லை.

நாத்திகருக்கு வைக்கும் சோதனை வேறு. ஒரு சுவிசேஷச் செய்தி நம்பத்தக்கது என்று காட்டும்போது, "எல்லாம் பிற்காலப் புனைவு" என்ற வார்த்தைக்கு அவர் ஓடுகிறாரா என்று பார்ப்பேன்.

ஜான் மேயர் என்ற அமெரிக்கக் கத்தோலிக்கக் குரு தன் பெரிய ஆய்வை 1991-இல் தொடங்கியபோது ஒரு கற்பனையைச் சொன்னார். ஒரு கத்தோலிக்கர், ஒரு புராட்டஸ்டண்ட், ஒரு யூதர், கடவுள் உண்டா என்று சொல்ல முடியாது என்பவர் ஒருவர் ஆகிய நால்வரையும் ஹார்வர்டு நூலகத்தின் அடித்தளத்தில் பூட்டி வைத்து, இயேசுவைப் பற்றி ஒருமித்த அறிக்கை வந்தால்தான் வெளியே விடுவது. எனக்கு இந்தக் கற்பனை பிடிக்கும். ஒரு குறை உண்டு: நாலு பேரும் ஒப்புக்கொள்வது உண்மையின் சிறு பகுதியாகத்தான் இருக்கும். ஐந்தாவதாக யாரை உள்ளே விடவில்லை என்ற கேள்வியும் இருக்கிறது.

உயிர்த்தெழுதலை வரலாற்றால் நிரூபிக்கவோ மறுக்கவோ முடியுமா?

1 கொரிந்தியர் 15-இல் பவுல், தான் பெற்றுக்கொண்டு ஒப்புவித்த சாட்சிப் பட்டியலைத் தருகிறார். கடிதம் 50-களின் நடுப்பகுதி, அவர் பெற்றுக்கொண்டது அதற்கும் முன்னால். இயேசு தங்களுக்குத் தரிசனமானார் என்று சீஷர்கள் மிகச் சீக்கிரமே உறுதியாக நம்பினார்கள் என்பதுவரை பெரும்பாலும் சண்டை இல்லை.

அதற்கு அப்புறம் முறை பற்றிய கேள்வி வந்துவிடுகிறது. ஜெர்மன் இறையியலாளர் எர்ன்ஸ்ட் டிரோல்ச் 1898-இல் வகுத்த விதிகளில் ஒன்று, கடந்த காலத்தை நம் காலத்து அனுபவத்தோடு ஒப்பிட்டே மதிப்பிட வேண்டும் என்பது. இந்த விதியை ஏற்றால் உயிர்த்தெழுதல் விவாதத்துக்கு வருமுன்பே வெளியேறிவிடும். ஏற்காவிட்டால் ஒவ்வொரு மதத்தின் ஒவ்வொரு அற்புதத்துக்கும் கதவைத் திறக்க வேண்டும். ஆங்கிலேய அறிஞர் என். டி. ரைட் சரீர உயிர்த்தெழுதலே சிறந்த விளக்கம் என்கிறார். ஜெர்மன் அறிஞர் கெர்ட் லூடமான் எல்லாம் மனக்காட்சி என்றார். பின்காஸ் லாபிடே என்ற யூத அறிஞர், கடவுள் இயேசுவை எழுப்பினார் என்று 1970-களில் எழுதினார், ஆனால் அவரை மேசியாவாக ஏற்கவில்லை, கடைசிவரை யூதராகவே இருந்தார். "யூதர் என்றால் இதைத்தான் சொல்வார்" என்று எண்ணியவர்களுக்கு லாபிடே ஒரு பெரிய பாடம். நான் உயிர்த்தெழுதலை நம்புகிறேன். அதை வரலாற்று ஆய்வின் முடிவு என்று சொல்லமாட்டேன்.

வேலையும் பதவியும் முடிவுகளைப் பாதிக்காதா?

பாதித்திருக்கின்றன. ஜெர்மன் இறையியலாளர் ஷ்ட்ராவுஸ் 1835-இல், 27 வயதில், சுவிசேஷ அற்புதங்களைத் தொன்மம் என்று எழுதினார், டூபிங்கன் வேலை போனது. 1839-இல் சூரிச் அவரைப் பேராசிரியராக அழைத்தது. மக்கள் கொதித்தார்கள், வேலையில் சேருமுன்பே ஓய்வூதியம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் அரசே கவிழ்ந்தது. ரெனானும் பாரீஸில் பதவி இழந்தார். லூடமான் தான் கிறிஸ்தவர் இல்லை என்று அறிவித்த பிறகு, கோட்டிங்கனில் அவருடைய புதிய ஏற்பாட்டுப் பதவியை மாற்றிவிட்டார்கள், நீதிமன்றங்களும் அதை ஏற்றன. எழுதியவர் எதை இழக்கத் துணிந்தார் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. இழந்ததாலேயே அவர் சொன்னது சரியாகிவிடாது.

பெரிய அறிஞர்கள் ஏமாந்திருக்கிறார்களா?

2012 செப்டம்பரில் ஹார்வர்டின் கேரன் கிங், ரோமில் நடந்த மாநாட்டில் காப்டிக் (எகிப்தியக் கிறிஸ்தவர்களின் பழைய மொழி) துண்டு ஒன்றை வெளியிட்டார். அதில் இயேசு "என் மனைவி" என்று சொல்வதாக இருந்தது. சிலருக்கு அது உண்மையாக இருக்க வேண்டும் என்று ஆசை, சிலருக்குப் பொய்யாக இருக்க வேண்டும் என்று ஆசை. ஆசைகள் எதையும் தீர்க்கவில்லை. அந்த வரிகள் வேதாகமத்தில் சேராத தோமா சுவிசேஷத்தின் காப்டிக் வரிகளை வெட்டி ஒட்டியவை என்றும், இணையத்தில் இருந்த ஒரு பதிப்பின் அச்சுப்பிழைகூட அப்படியே வந்திருக்கிறது என்றும் மற்றவர்கள் காட்டினார்கள். 2016-இல் பத்திரிகையாளர் ஏரியல் சபார் துண்டு வந்த வழியைத் தேடிப்போய் வெளியிட்டபோது, அது போலியாகத்தான் இருக்கும் என்று கிங்கே ஒப்புக்கொண்டார். ஒரு பேராசிரியர் பொதுவெளியில் அப்படிச் சொல்ல மனவலிமை வேண்டும்.

சரி, இயேசுவின் சீஷர் தோமா சென்னைக்கு வந்தாரா?

இந்தக் கேள்வி இல்லாமல் எந்தக் கூட்டமும் முடிந்ததில்லை. பரங்கிமலையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது வீட்டு விஷயம்.

தோமாவின் இந்தியப் பயணத்தைச் சொல்லும் பழைய நூல், மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிரியாக் மொழியில் எழுதப்பட்ட தோமாவின் நடபடிகள். அதில் வரும் கொண்டபோரஸ் மன்னனைக் கட்டுக்கதை என்று நினைத்திருந்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் அவன் பெயர் பொறித்த நாணயங்கள் கிடைத்தன. ஆனால் அவன் ஆண்டது வடமேற்கில், இன்றைய பாகிஸ்தான் பக்கம். தென்னிந்தியாவுக்கு வரக் கப்பல் இருந்ததா? தாராளமாக இருந்தது. யவனர் கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய முசிறியை அகநானூறு 149 பாடுகிறது. அதனால் தோமா வந்திருக்க முடியும். வந்தார் என்பதற்கு முதல் நூற்றாண்டுச் சான்று எதுவும் நம் கையில் இல்லை. மலையில் 1547-இல் போர்த்துக்கீசியர் கண்டெடுத்த சிலுவையின் பஹ்லவி (பழைய பாரசீக) எழுத்து தோமாவுக்குப் பல நூற்றாண்டு பிந்தையது.

"வரவே இல்லை, எல்லாம் போர்த்துக்கீசியர் கட்டியது" என்பதும் நிற்காது. போர்த்துக்கீசியர் இங்கே கால்வைப்பதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில், தோமாவின் கல்லறை இந்தக் கடற்கரையில் இருப்பதாகவும் யாத்திரிகர் வருவதாகவும் மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார். கேரளத்துச் சிரியாக் கிறிஸ்தவர்கள் அதற்கும் பல நூற்றாண்டு முன்பிருந்தே இருக்கிறார்கள். எனக்குத் தோமா வந்திருக்க வேண்டும் என்று ஆசை. அந்த ஆசையை நான் மறைக்கவில்லை, சான்றுக் கணக்கில் அதைச் சேர்ப்பதும் இல்லை.

நான் எங்கிருந்து தொடங்கலாம்?

யாருடைய புத்தகத்திலிருந்தும் வேண்டாம். நான்கு சுவிசேஷங்களையும் மேசைமேல் திறந்து வையுங்கள். மாற்கு 1:9-11, மத்தேயு 3:13-17, லூக்கா 3:19-22, யோவான் 1:29-34. ஒவ்வொன்றிலும் எது இருக்கிறது, எது இல்லை என்று ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு உங்களோடு எதிலும் ஒத்துப்போகாத நண்பர் ஒருவரிடம் அந்தத் தாளைக் கொடுத்து, விட்டுப்போனதைக் குறிக்கச் சொல்லுங்கள்.